மருத்துவர் அல்லாத பொதுச் சுகாதாரப் பணியாளர்கள்: தமிழகத்தில் அரசு ஒழுங்குமுறையின் வரலாறு

மருத்துவப் பட்டம் பெறாமல் பொதுச் சுகாதாரப் பணியில் ஈடுபடுவோர் தமிழகத்தில் 200 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகின்றனர். அம்மை குத்துபவர், சானிடரி இன்ஸ்பெக்டர் என்று அழைக்கப்பட்ட சுகாதார ஆய்வாளர், மலேரியாப் பணியாளர், தொழுநோய்ப் பிரிவின் மருத்துவம் சாரா மேற்பார்வையாளர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோர் இவ்வகையினர். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளக் கரையை அடுத்த பிரம்மதேசம் போன்ற ஊர்களில் குடிநீர்த் தொட்டியில் குளோரின் அளவைப் பார்ப்பவரும், வீட்டு வாசலில் தேங்கிய நீரில் கொசுப்புழு தேடுபவரும், காய்ச்சல் கண்டவர்களைக் கணக்கெடுப்பவரும் மருத்துவர் அல்லர். மக்கள் அன்றாடம் காணும் பொதுச் சுகாதாரத் துறை இவர்கள்தான்.

இவர்களை அரசு இரண்டு வழிகளில் ஒழுங்குபடுத்தியது. ஒன்று, சட்டத்தின்படி அமைந்த மன்றம் நடத்தும் பதிவேடு. மற்றொன்று, அரசுப் பணிவிதிகள். தாதியரும் செவிலியரும் 1926-லேயே பதிவேட்டின்கீழ் வந்தனர். வீட்டுக்குள் நுழையவும், கடையைச் சோதிக்கவும், தண்டத்தொகை வசூலிக்கவும் அதிகாரம் பெற்ற சுகாதார ஆய்வாளர் பணிவிதிகளின்கீழ் மட்டுமே இருந்தார். இந்த வேறுபாடு எப்படி உருவானது, ஏன் நீடித்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அம்மை குத்துபவர்கள்

பெரியம்மைக்கு எதிரான அம்மைப்பால் 1802-ல் இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டில் பம்பாயிலிருந்து சென்னைக்கும் கொண்டுவரப்பட்டது. ஐரோப்பிய மருத்துவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்ததால் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி அளித்து ஊர் ஊராக அனுப்பவேண்டியிருந்தது. இவர்களே அரசுச் சம்பளத்தில் அமர்ந்த முதல் மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள். இவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டியது ஒரே ஒரு செய்முறை. எத்தனை பேருக்கு அம்மை குத்தினார், அதில் எத்தனை பலித்தது என்ற கணக்கைக் கொண்டே இவர்களின் வேலை அளக்கப்பட்டது.

1880-ஆம் ஆண்டின் இந்திய அம்மைகுத்தல் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வெளியே பல மாகாணங்களின் நகராட்சிகளுக்காக இயற்றப்பட்டது. தனியார் அம்மை குத்துபவர்களுக்கு எழுத்து மூலம் உரிமம் வழங்கவும், அதை நிறுத்திவைக்கவும், ரத்து செய்யவும் அதில் இடமிருந்தது. மருத்துவர் அல்லாத ஒருவர் செய்யும் சுகாதாரப் பணிக்கு உரிமம் தேவை என்ற எண்ணம் இந்தியச் சட்டத்தில் இவ்வளவு முன்னரே வந்துவிட்டது. ஆனால் அது தனியாருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அரசு நியமித்த அம்மை குத்துபவருக்கு நியமன ஆணையே உரிமமாகக் கருதப்பட்டது. இந்தப் பிரிவினை பின்னாளிலும் தொடர்ந்தது.

பஞ்சமும் கால்வாயும்

1857 கிளர்ச்சிக்குப்பின் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினரின் உடல்நலத்தை ஆராய 1859-ல் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1863-ல் வெளிவந்தது. அதன் விளைவாக 1864-ல் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. சென்னையின் சுகாதார ஆணையர் மருத்துவர். அவருக்குக் கீழே கிராமத்தில் அவருடைய கண்ணும் காதுமாக இருந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர்.

1876-78 பெரும்பஞ்சத்தின்போது சென்னையின் சுகாதார ஆணையராக இருந்தவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். நிவாரண வேலையாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த அளவைக் கார்னிஷ் வெளிப்படையாக எதிர்த்தார். அதே பஞ்சக் காலத்தில் நிவாரண வேலையாகவும் தோண்டப்பட்டது பக்கிங்காம் கால்வாய். அதன் தென்முனை மரக்காணம். அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இந்தக் கரையின் உப்பு அக்கால்வாய் வழியே படகில் வடக்கே சென்றது.

கிராமங்களில் பிறப்பையும் இறப்பையும் பதிந்தவர் கிராம முன்சீப். வாந்திபேதியா, அம்மையா, காய்ச்சலா என்று இறப்பின் காரணத்தை எழுதியவரும் அவரே. மாகாணத்தின் நோய்ப் புள்ளிவிவரங்கள் அவர் எழுதியவற்றைக் கூட்டி உருவாக்கப்பட்டவை. அவருக்கு நோய் குறித்த பயிற்சி இல்லை. தவறாக எழுதினால் வருவாய்த்துறையின் விசாரணைக்கு உள்ளாவார். அன்றைய ஒழுங்குமுறை அவ்வளவே.

எவரையும் நியமிக்கலாம்: 1897

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அதைத் தொடர்ந்து 1897-ல் கொள்ளைநோய்ச் சட்டம் அவசரமாக இயற்றப்பட்டது. சில பிரிவுகளே கொண்ட இச்சிறிய சட்டம் மருத்துவர் அல்லாத பணியாளர்களின் வரலாற்றில் முக்கியமானது. கொள்ளைநோய் மூண்டால் வேண்டிய நடவடிக்கைகளை எடுக்க எந்த நபருக்கும் அரசு அதிகாரம் அளிக்கலாம் என்றது சட்டம். அந்த நபரின் படிப்பு, பயிற்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. நல்லெண்ணத்துடன் செய்த எதற்காகவும் அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பும் இருந்தது.

வீடு புகுந்து சோதித்தல், நோயுற்றோரைப் பிரித்துவைத்தல், பயணிகளைத் தடுத்து நிறுத்துதல் போன்ற கடுமையான அதிகாரங்கள் இவ்வாறு எவருக்கும் கிடைக்கக்கூடியவை ஆயின. பம்பாய், புனே பகுதிகளில் இந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்ட விதம் மக்களின் கொதிப்புக்குக் காரணமானது. 1897 ஜூனில் புனேயின் பிளேக் குழுத் தலைவர் ராண்ட் சுட்டுக்கொல்லப்பட்டார். அதிகாரம் பெற்றவர் யார், அவர் எவருக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற கேள்வி எத்தகையது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. ஆயினும் சட்டத்தின் அந்தப் பிரிவு மாறவில்லை. 2020-ல் கோவிட் காலத்திலும் அதே சட்டமே பயன்பட்டது.

பதிவேடும் பணிவிதியும்

சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் 1914-ல் வந்தது. மேலை மருத்துவம் பயின்றவர்களுக்கான பதிவேட்டை அது ஏற்படுத்தியது. 1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களால் பொதுச் சுகாதாரம் மாகாண அமைச்சர்களின் கைக்கு வந்தது. 1920-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத் துறை தனித்துறையாகச் சீரமைக்கப்பட்டது. மாவட்டந்தோறும் சுகாதார அலுவலர், அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள் என்ற வரிசை உருவானது. சுகாதார அலுவலர் மருத்துவப் பட்டமும் பொதுச் சுகாதாரப் பட்டயமும் பெற்றிருக்கவேண்டும். ஆய்வாளருக்குப் பள்ளிப் படிப்பும் குறுகிய காலப் பயிற்சியும் போதும்.

1926-ல் சென்னை செவிலியர் மற்றும் தாதியர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த மன்றம் பயிற்சிப் பள்ளிகளை அங்கீகரித்தது, தேர்ச்சி பெற்றவர்களின் பெயர்களைப் பதிந்தது. தொழில்நெறி தவறினால் பெயரை நீக்கும் அதிகாரமும் மன்றத்திடம் இருந்தது. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றம் இச்சட்டத்தின் வழிவந்தது.

தாதிக்குப் பதிவேடு ஏன், ஆய்வாளருக்கு ஏன் இல்லை? தாதி தனியாகவும் தொழில் செய்யலாம். கட்டணம் வாங்கலாம். ஊரில் வழிவழியாகப் பிரசவம் பார்த்துவந்த மருத்துவச்சியிடமிருந்து பயிற்சி பெற்றவரைப் பிரித்துக்காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஆய்வாளருக்கு அரசையோ உள்ளாட்சியையோ தவிர வேறு முதலாளி கிடையாது. தனியார் சுகாதார ஆய்வாளர் என்று எவரும் கடை திறக்க முடியாது. எனவே அவரைக் கட்டுப்படுத்தப் பணிவிதிகளே போதும் என்று கருதப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. பதிவேடு என்பது பொதுமக்களின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. பதிவு பெற்ற தாதியால் பாதிக்கப்பட்டவர் மன்றத்தில் முறையிடலாம். ஆய்வாளரால் பாதிக்கப்பட்டவர் அவருடைய மேலதிகாரியிடம்தான் முறையிடவேண்டும். மறுபக்கம், தாதிக்கு அவருடைய தகுதி சொந்தம். வேலையை விட்டாலும் பெயர் பதிவேட்டில் இருக்கும். ஆய்வாளரின் அதிகாரம் பதவியோடு வந்து பதவியோடு போய்விடும்.

1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம்

ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்துக்குப் பொறுப்பு வகித்தவர் மருத்துவர் டி. எஸ். எஸ். ராஜன். அவ்வமைச்சரவையின் காலத்தில் சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 நிறைவேறியது. இந்தியாவில் ஒரு மாகாணம் பொதுச் சுகாதாரம் முழுமைக்குமாக இயற்றிய முதல் சட்டம் இது. குடிநீர், கழிவுநீர், தொல்லைகளை அகற்றுதல், தொற்றுநோய், கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம், தங்கும் விடுதிகள், திருவிழாக்களும் சந்தைகளும் என அதன் எல்லை பரந்தது. இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது.

சட்டத்தின் மையமாக இருந்தவர் மருத்துவரான சுகாதார அலுவலர். ஆனால் ஒரு மாவட்டத்தின் எல்லாக் கிணறுகளையும் சத்திரங்களையும் அவரால் நேரில் பார்க்க இயலாது. நடைமுறையில் அவருடைய அதிகாரத்தைச் சுமந்து சென்றவர் ஆய்வாளர். திருவிழா நடக்கும் ஊருக்கு முன்கூட்டியே சென்று கிணறுகளில் மருந்து போட்டவரும், கூட்டத்துக்கு வரும் மக்களுக்குக் காலரா ஊசி போட ஏற்பாடு செய்தவரும் அவரே. அறிவிப்பு மருத்துவரின் பெயரால் வரும். அதைக் கொண்டுவந்து வாசலில் நிற்பவர் ஆய்வாளர்.

2020 செப்டம்பரில் இச்சட்டம் திருத்தப்பட்டு, முகக்கவசம் அணியாதவரிடம் ₹200 வசூலிக்க வழி செய்யப்பட்டது. அத்தொகையை வசூலித்தவர்களில் சுகாதார ஆய்வாளர்களும் இருந்தனர். 80 ஆண்டுகள் கழிந்த பின்னும் சட்டத்தின் அதிகாரம் மக்களிடம் சென்றது இவர்கள் வழியாகத்தான்.

பல்நோக்குப் பணியாளர்

விடுதலைக்குப்பின் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு திட்டமும், ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிப் பணியாளர் படையும் உருவாயின. தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-லும் ஒழிப்புத் திட்டம் 1958-லும் தொடங்கின. வீடுவீடாகச் சென்று காய்ச்சல்காரரின் விரல்நுனியில் ரத்தம் எடுத்தவர் மலேரியாப் பணியாளர். தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் தொடங்கியது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள மத்திய தொழுநோய் நிறுவனம் இத்திட்டத்துக்கான பணியாளர்களைப் பயிற்றுவித்தது. அதில் ஒரு பதவியின் பெயரே மருத்துவம் சாரா மேற்பார்வையாளர். தோலில் உணர்விழந்த தேமலைக் கண்டறிவதில் பல ஆண்டுகள் பழகிய அவரை, அவர் எது அல்லர் என்பதைக் கொண்டே அரசு பெயரிட்டது.

1973-ல் கர்தார் சிங் குழு தன் அறிக்கையை அளித்தது. மலேரியாப் பணியாளர், அம்மை குத்துபவர், குடும்பநலப் பணியாளர் முதலியோரை ஒன்றிணைத்து ஆண் சுகாதாரப் பணியாளர், பெண் சுகாதாரப் பணியாளர் என இரு பதவிகளாக்க அது பரிந்துரைத்தது. துணைச் சுகாதார நிலையம் ஒன்றுக்கு இவ்விருவரும் இருக்கவேண்டும் என்றது. பெரியம்மை 1975-ல் இந்தியாவில் முடிவுக்கு வந்தபின், அம்மை குத்துபவர்கள் புதிய பதவிகளுக்குள் சென்றனர். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் 1964-ல் தொடங்கப்பட்ட ஊரக சுகாதார மற்றும் குடும்பநல நிறுவனம் சுகாதார ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளித்த முக்கிய இடங்களில் ஒன்று.

இந்த இணைப்பிலும் பழைய பிரிவினை அப்படியே வந்தது. பெண் பணியாளர் தமிழகத்தில் கிராம சுகாதார செவிலியர் ஆனார். அவர் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தவர். ஆண் பணியாளருக்குப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் உண்டு, மன்றம் இல்லை. ஒரே துணை நிலையத்தின் கீழ், ஒரே மக்களுக்குப் பணி செய்த இருவரில் ஒருவர் சட்டப்படி தொழில்முறையாளர். மற்றவர் அரசு ஊழியர் மட்டுமே.

உப்பும் உணவும்: கைமாறிய அதிகாரம்

பதவியோடு மட்டும் இணைந்த அதிகாரம் எவ்வளவு எளிதில் கைமாறும் என்பதற்கு உணவுச் சட்டம் சான்று. 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் உணவு ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டனர். தனிப்பயிற்சி பெற்ற சுகாதார ஆய்வாளர்களும் இப்பதவிக்கு வரமுடிந்தது. கடையில் நுழைந்து மாதிரி எடுத்து, மூடி முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது அவர்களின் வேலை.

மரக்காணம் உப்பளப் பகுதிக்கு இச்சட்டம் நேரடியாகத் தொடர்புடையதானது அயோடின் விதியால். முன்கழுத்துக் கழலையைத் தடுக்க, அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்காக விற்பது 1998-ல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. 2000-ல் அத்தடை விலக்கப்பட்டு 2006-ல் மீண்டும் வந்தது. உற்பத்தி இடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்கும், நுகர்வோரிடம் சேரும்போது 15 பங்கும் அயோடின் இருக்கவேண்டும் என்பது அளவு. பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பை அப்படியே சமையலுக்கு விற்பது இதனால் குற்றமானது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இவ்விதி மூலச்சட்டத்தின் வரம்பை மீறியது என்று தீர்ப்பளித்தது. ஆனால் மாற்று ஏற்பாடு செய்வதற்காகத் தடையை ஆறு மாதம் நீடிக்க அனுமதித்தது.

வீடுகளிலும் கடைகளிலும் உப்பைச் சோதிக்கக் கிராம சுகாதாரப் பணியாளர்களிடம் சிறு குப்பி தரப்பட்டது. உப்பின்மீது ஒரு சொட்டு விட்டால் அயோடின் இருப்பின் நீல நிறம் தோன்றும். இந்த நிறம் எச்சரிக்கை மட்டுமே. வழக்குத் தொடர முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். சிறு உற்பத்தியாளரின் பிழைப்பு இந்த நடைமுறையின் நேர்மையைச் சார்ந்திருந்தது.

2011 ஆகஸ்ட் 5 முதல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் நீங்கியது. புதிய பதவியான உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு உணவுத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், வேளாண்மை, கால்நடை அறிவியல் போன்ற துறைகளில் பட்டம் தேவைப்பட்டது. ஏற்கெனவே உணவு ஆய்வாளராக இருந்தவர்கள் தொடரலாம். சுகாதார ஆய்வாளர் பயிற்சி மட்டும் பெற்ற புதியவர்களுக்கு அந்த வாயில் மூடப்பட்டது. சுகாதார ஆய்வாளர்களுக்கென ஒரு தொழில்மன்றம் இருந்திருந்தால் இந்த மாற்றத்தில் அதன் கருத்து கேட்கப்பட்டிருக்கும். அப்படியொன்று இல்லை.

பட்டம் பெற்ற புதிய தலைமுறை

1997-ல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பின்னர் சென்னை உட்பட பல நகரங்களில் இத்தகைய படிப்புகள் வந்தன. சமூகப்பணி, புள்ளியியல், பல் மருத்துவம், செவிலியம், உயிரியல் ஆகியவற்றைப் பயின்றவர்களும் இவற்றில் சேர்ந்தனர். இவர்களுக்கும் மன்றம் இல்லை. மருத்துவர்களைக் கொண்டே பொதுச் சுகாதார நிர்வாகத்தை நடத்திவந்த தமிழகத்தில் இவர்களுக்கான அரசுப் பதவிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பதவிகள். 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, பல துறையினரும் சேரக்கூடிய பொதுச் சுகாதார மேலாண்மைப் பிரிவை எல்லா மாநிலங்களும் அமைக்கவேண்டும் என்றது. அக்கொள்கை மருத்துவர் அல்லாதவர்களுக்கும் அதில் இடம் வைத்தது.

2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, சமூக சுகாதார வழங்குநர் என்ற பெயரில் குறிப்பிட்ட தகுதியுடையோர்க்கு வரையறுக்கப்பட்ட மருத்துவ உரிமம் வழங்க வழி செய்தது. பதிவு பெற்ற மருத்துவர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவர்கள் இருக்கக்கூடாது. போலி மருத்துவத்துக்கு இது வழிவகுக்கும் என்று மருத்துவர் சங்கங்கள் நாடெங்கும் போராடின. நோய்க்கு மருந்து எழுதும் உரிமை பற்றி எழுந்த அளவுக்கு விவாதம், வீடு புகும் அதிகாரம் பற்றி எப்போதும் எழுந்ததில்லை.

2021-ல் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. 10 பிரிவுகளில் தொழில்களைப் பட்டியலிட்டு, ஆணையமும் மாநில மன்றங்களும் பதிவேடுகளும் ஏற்பட அது வழி செய்தது. சமூக சுகாதார ஊக்குநர், சுகாதாரக் கல்வியாளர் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். துணைநிலைத் தொழில்முறையாளர் எனப்பட, குறைந்தது 2000 மணி நேரமும் இரண்டு ஆண்டுகளும் கொண்ட படிப்பு வேண்டும். பழைய சுகாதார ஆய்வாளர் பயிற்சி ஓராண்டுதான். தமிழகத்தில் பின்னர் அது இரண்டாண்டாக நீட்டப்பட்டது. எனவே ஒரே பதவியில் இருக்கும் மூத்தவரும் இளையவரும் இந்த அளவுகோலின்படி வேறுவேறு நிலையினர். சட்டத்தைச் செயல்படுத்துவதில் ஏற்பட்ட தாமதம் காரணமாக, 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளுக்குக் காலக்கெடு விதித்தது.

பிற நாடுகளில்

பிரிட்டனில் மருத்துவர் அல்லாத பொதுச் சுகாதார வல்லுநர்களுக்காக 2003-ல் தன்விருப்பப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. மருத்துவர்களுக்குச் சட்டப் பதிவேடும், அதே பதவியில் இருக்கும் மற்றவர்களுக்குத் தன்விருப்பப் பதிவேடும் இருப்பது சரியல்ல என்று 2010-ல் கேப்ரியல் ஸ்கேலியின் ஆய்வறிக்கை கூறியது. 2012-ல் அரசு சட்டப் பதிவேட்டுக்கு ஒப்புக்கொண்டது. ஆயினும் பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு அவர்களின் களப்பணிக்கு அடித்தளமானது. 2020 ஜூலையில், தங்களுக்குச் சட்ட அதிகாரம் வழங்கும் வர்த்தமானி அறிவித்தல் தாமதமாவதைக் கண்டித்து அவர்களின் சங்கத்தினர் கோவிட் பணிகளிலிருந்து விலகினர். அதிகாரமின்றிக் கடமையை மட்டும் சுமக்கமுடியாது என்பது அவர்களின் வாதம்.

மதிப்பீடு

தமிழகத்தின் பொதுச் சுகாதாரச் சாதனைகள் பலவற்றில் மருத்துவர் அல்லாத பணியாளர்களின் பங்கு பெரிது. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் மரக்காணம் உள்ளிட்ட கரையோரத்தில் பெருங்கொள்ளைநோய் எதுவும் மூளாமல் காத்ததில், குடிநீரைக் குளோரின் இட்டுத் தூய்மையாக்கியவர்களின் உழைப்பு உண்டு. பணிவிதிகள் மட்டுமே கொண்ட பழைய முறை பயனற்றது என்று சொல்லமுடியாது. அது பெரும் படையை விரைவாகத் திரட்டவும், ஒரு நோயிலிருந்து மற்றொரு நோய்க்கு மாற்றவும் உதவியது. மன்றமும் பதிவேடும் இருந்திருந்தால் அந்த வேகம் குறைந்திருக்கலாம்.

ஆனால் அதன் விலையை இருவர் கொடுத்தனர். ஒருவர் பணியாளர். அவருடைய அனுபவம் திட்டத்தோடு தோன்றித் திட்டத்தோடு மறைந்தது. மற்றவர் பொதுமக்கள். தம் வாசலில் வந்து நிற்பவருடைய தகுதி என்ன, அவர் தவறினால் எங்கே முறையிடுவது என்பதை அவர்கள் அறிய வழியில்லை. 1926-ல் தாதியர் விஷயத்தில் சட்டம் இக்கேள்விகளுக்கு விடை தந்தது. ஆய்வாளர்கள் விஷயத்தில் அதே விடையை 2021-ஆம் ஆண்டின் சட்டம் தருமா என்பது, அப்பதவியை மாநில மன்றங்கள் எந்தப் பிரிவில் எவ்வாறு ஏற்கின்றன என்பதைப் பொறுத்தது.